தலைமைப் பொறியாளர் மஹ்கூப்

உலகத்திலேயே தலைமைப் பொறியாளர்கள் மிக அதிகமாக வசிக்கும் நகரம் கெய்ரோதான் என்பதைப் பணிவோடு அறிவித்துக்கொள்கிறோம். வேறெந்த ஊரும் இதில் பக்கத்தில்கூட வர முடியாது. கெய்ரோவில் ஓர் ஆண்மகனை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் 'பாஷ்முஹன்திஸ்' என்பார்கள். தலைமைப் பொறியாளரே என்று அர்த்தம். வண்டி நிறுத்த இடம் காட்டிக் கையை ஆட்டுகிறவர் பாஷ்முஹன்திஸ். வறுத்த ஈரல் விற்கிறவர் பாஷ்முஹன்திஸ், அதை வாங்கித் தின்கிறவரும் பாஷ்முஹன்திஸ். என்ன படித்தார், எங்கே படித்தார், ஓர் அளவுகோலையாவது கையால் தொட்டிருக்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. மீசை இருந்தால் போதும். இல்லாவிட்டாலும், வைத்தால் முளைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்.

நகரின் நடுவே ஓடும் ஆற்றின் மேற்குக் கரையில் 'முஹன்திஸீன்' என்று ஒரு பேட்டையே இருக்கிறது. 'பொறியாளர்கள்' என்பதுதான் அதன் பெயர். அங்கே ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இயங்குகிறது 'ஸைமந்த' இணைய நிறுவனம். 'இருந்தபடியே இரு' என்று அதற்குப் பொருள். நீங்கள் சோபாவில் சாய்ந்தபடியே கைபேசியைத் தட்டினால் தக்காளியும் தலைவலி மாத்திரையும் சுட்ட கோழியும் வாசலுக்கு வந்து சேரும். வாடிக்கையாளருக்குச் சொன்ன அந்த வாசகத்தை நிறுவனம் தன் கொள்கையாகவும் வைத்துக்கொண்டது. ஸைமந்தவில் யாரும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.

மொத்தம் நாற்பத்தொரு பொறியாளர்கள். அதில் நாற்பது பேர் பாஷ்முஹன்திஸ். மீதி ஒரு ஆள் ரபாப்.

ரபாப் ஷுக்ரிக்கு முப்பத்து நான்கு வயது. ஷுப்ராவில் அம்மாவோடு வசிக்கிறாள். எந்த ஆர்டரை எந்த மோட்டார் சைக்கிள்காரர் எடுத்துக்கொண்டு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கணினி நிரலை ஏழு வருடத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். அது ஓடினால் நிறுவனம் ஓடும், நின்றால் நிற்கும். இவ்வளவு முக்கியமானவளுக்கு மரியாதை இல்லாமலா போகும்? சாதாரண நாளில் அவள் 'ஆனிஸா ரபாப்', அதாவது செல்வி. பிறந்தநாளில் 'சர்க்கரை'. நிரல் நின்றுவிட்டால் நான்கு திசையிலிருந்தும் 'ரபாஆஆப்'. டீ போடும் ஸெய்ன்ஹும் மட்டும் எல்லா நாளும் பாஷ்முஹன்திஸ் ஸெய்ன்ஹும்தான். ஒருமுறை குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் கால் வலிக்கிறதென்று ரபாபின் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் நேராக அவரிடம் போய் நிரலில் சந்தேகம் கேட்டார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

நிறுவனர் மித்ஹத் அவர்கள் இதிலெல்லாம் வேற்றுமை பார்க்காதவர். "நாம நிறுவனம் இல்ல, ஒரே குடும்பம்" என்று வாரம் இரண்டு முறை சொல்வார். அது சத்தியமான வார்த்தை. எந்தக் குடும்பத்தையும் போல அங்கேயும் வேலை ஒருத்தியுடையதாகவும் பேர் மற்றவர்களுடையதாகவும் இருந்தது.

இப்படி இருக்கையில் ஸைமந்தவின் தலைமைப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு பெர்லினுக்குப் போய்விட்டார். தெருவெல்லாம் தலைமைப் பொறியாளர்கள் நடமாடும் பேட்டையில், நிஜமான தலைமைப் பொறியாளர் நாற்காலி ஒன்றே ஒன்று காலியானது. ரபாப் அதற்கு விண்ணப்பித்தாள். நிரலில் யார் எதை மாற்றலாம், மாற்றக்கூடாது என்று தீர்மானிக்கிற நாற்காலி அது. மற்றவர்கள் உடைத்ததை ஒட்டவைத்தே ஏழு வருடம் போய்விட்டது அவளுக்கு. அதோடு, அந்தச் சொல்லை ஒருமுறையாவது யாராவது தன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதே சமயத்தில் முதலீட்டாளர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் நிறுவனத்தில் பெண்களுக்காக என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். மித்ஹத் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. அன்று மாலையே 'மகளிர் மேம்பாட்டு உயர்மட்டக் குழு' அமைந்துவிட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள். ஒரு பெண்ணையும் சேர்க்கலாம் என்றுதான் பார்த்தார்கள். இருந்த ஒரே பெண் அப்போது நின்றுபோன நிரலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

குழு மூன்று முறை கூடியது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் எல்லாப் பொறியாளர்களின் பெயருக்கு முன்னாலும், ஆண் பெண் பேதமில்லாமல், 'மீம்' என்ற எழுத்துப் போடப்படும். முஹன்திஸ் என்ற சொல்லின் முதலெழுத்து அது. கதவிலும் இணையப் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் ஒரு மீம், ஒரு புள்ளி, பிறகு பெயர். மீம் என்றதும் கைபேசியில் வந்து சிரிக்க வைக்கும் படம் உங்களுக்கு நினைவு வந்தால் அது உங்கள் தவறில்லை. இந்தக் கதையில் இரண்டும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை பலகைகள் ஏறின. 'மீம். ரபாப் ஷுக்ரி'. ரபாப் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். மனம் நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கேக் வந்தது.

மூன்றடுக்குக் கேக். மேலே வெள்ளை உடையில் ஒரு பொம்மை, கறுப்பு உடையில் ஒரு பொம்மை. 'ஆயிரம் மப்ரூக்', அதாவது ஆயிரம் வாழ்த்துகள், என்று எழுதியிருந்தது. குலவையிட அலுவலகத்தில் வேறு பெண்கள் இல்லாததால், இளம் பொறியாளர் ஹாஸிம் கைபேசியில் குலவைச் சத்தத்தைத் தேடியெடுத்து ஒலிக்கவிட்டான்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள் ரபாப்.

"வெக்கப்படாதீங்க மதாம்" என்றார் எச்.ஆர். தலைவர் உஸ்தாஸ் லபீப். மதாம் என்றால் அங்கே மணமானவள், திருமதி. "எங்ககிட்ட சொல்லாம முடிச்சிட்டீங்களே. பலகையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."

"பலகையில என்ன இருக்கு?"

"மீம். மதாம்."

"அது முஹன்திஸா. பெண் பொறியாளர். நீங்கதானே குழுவுல உட்கார்ந்து தீர்மானம் போட்டீங்க."

"தீர்மானம் போட்டது வாஸ்தவம். ஆனா படிக்கும்போது மதாம்னுதானே வருது."

"ஹாஸிம் பலகையிலயும் அதே எழுத்துதான் இருக்கு. அவருக்கும் கல்யாணமா?"

லபீப் பொறுமையாக விளக்கினார். "ஹாஸிம் ஆம்பளை. அதனால அது முஹன்திஸ். நீங்க பொம்பளை. அதனால அது மதாம். ரெண்டும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது. இலக்கணம்மா இது, இதுல நான் என்ன பண்ண முடியும்?"

அன்று மதியமே அம்மா நஃபீஸாவின் போன் வந்தது. லபீப் கடமை தவறாதவர், வீட்டுக்கும் ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் பெத்தவகிட்ட மறைச்சுட்டியா? யாரு அவன்?"

"யாரும் இல்லம்மா. ஒரு எழுத்து."

"எழுத்தா? எழுத்தாளனா? அவனுக்கு வருமானம் என்னடி இருக்கும்?"

மறுநாள் ரபாப் எச்.ஆர். அறைக்குப் போனாள். அதற்குள் கணினியில் அவள் பெயருக்கு நேரே 'மணமானவர்' என்று பதிவாகியிருந்தது. பெண் பெயருக்கு முன்னால் மீம் வந்தால் தானாகவே அப்படிப் பதிவாகும்படி ஹாஸிம் எழுதிவைத்திருந்தான்.

"இதை மாத்துங்க."

"தாராளமா. விவாகரத்தா, விதவையா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல உஸ்தாஸ்."

"மணமானவர்ங்கற இடத்துலேருந்து வெளிய போக ரெண்டே கதவுதான் இருக்கு மதாம். விவாகரத்து ஆனவர். கணவரை இழந்தவர். உள்ள வந்த வழியாவே திரும்பிப் போறதுக்குக் கதவு வைக்கல."

"ஏன் வைக்கல?"

"ஹாஸிம் யோசிக்காம செய்யமாட்டார்."

"சரி. என் வீட்டுக்காரர் பேரு என்னன்னு உங்க கணினி சொல்லுதா?"

"அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கு. நாங்க கேக்கமாட்டோம். பெண்களோட அந்தரங்கத்தை மதிக்கிற நிறுவனம் இது."

அடுத்த வாரம் தலைமைப் பொறியாளர் பதவிக்கான நேர்காணல் நடந்தது. ரபாப் ஏழு வருட வேலையை முப்பது பக்கத்தில் தொகுத்து எடுத்துக்கொண்டு போனாள். யாரும் அதைத் திறக்கவில்லை. மித்ஹத் தந்தையின் கனிவோடு பேசினார்.

"மதாம் ரபாப், உங்க திறமை எங்களுக்குத் தெரியாதா? ஆனா புதுக் கல்யாணம். வீடு, வாசல், நாளைக்கே குழந்தை. இந்தச் சுமையையும் தூக்கி உங்க தலையில வெச்சா அது பாவம். வீட்டுக்காரர் எங்களைப் பத்தி என்ன நினைப்பார்?"

"எனக்கு வீட்டுக்காரர் இல்ல."

"பெரிய மனசு அவருக்கு" என்றார் மித்ஹத். "இருக்கறதே தெரியாம இருக்கார்."

ரபாபின் மேம்பாட்டிற்காக எடுத்த இந்த முடிவைக் குழு ஒருமனதாக ஏற்றது. தகுந்த ஆள் கிடைக்கும்வரை ஹாஸிம் தற்காலிகப் பொறுப்பு. ரபாப் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஹாஸிம் அன்று காலை உடைத்திருந்த ஒன்றைச் சரிசெய்தாள்.

ரமலான் வந்தது. ஸைமந்தவின் உயிர்நாடியான மாதம் அது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கெய்ரோ முழுவதும் ஒரே மூச்சில் சாப்பாடு கேட்கும். ஒன்பதாம் நாள், சூரியன் விழ நாற்பது நிமிடம் இருக்கும்போது, முஹன்திஸீன் பேட்டையின் மொத்தச் சாப்பாடும் ஒரே ஒரு பல் டாக்டரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. இருநூறு மோட்டார் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. பல் டாக்டர் போன் செய்தார்.

"நான் நோன்பு வெச்சிருக்கேன். என்கிட்ட வர்றவங்களுக்குப் பல்லே கிடையாது. இவ்வளவு கோழியை நான் என்ன பண்ணட்டும்?"

அலுவலகத்தில் நாற்பது பாஷ்முஹன்திஸ்களும் ஹாஸிமின் திரையைச் சுற்றி நின்றார்கள். ரபாப் பின்னாலிருந்து பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நேத்து சேர்த்த பதினாலு வரியை எடுத்துடுங்க. முகவரி கிடைக்கலன்னா முந்தின ஆர்டர் போன முகவரிக்கே அனுப்புன்னு எழுதியிருக்கு. அதுதான் எல்லாத்தையும் அங்க தள்ளுது."

"இது ரொம்ப ஆழமான பிரச்சினை மதாம்" என்றான் ஹாஸிம். "சர்வர்லேருந்து வருது."

"பதினாலு வரி. எடுத்தா சரியாயிடும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று லபீப் அதிசயித்தார். "வீட்டுக்காரர் சொன்னாரா?"

ரபாபுக்கு விடியற்காலையிலிருந்து தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வாதாடத் தெம்பில்லை. கடிகாரத்தில் முப்பத்தொரு நிமிடம் மிச்சம்.

"ஆமா" என்றாள். "வீட்டுக்காரர் சொன்னார்."

மித்ஹத் மெல்ல முன்னால் வந்தார். "அவர் பொறியாளரா?"

"ஆமா."

"பாஷ்முஹன்திஸா? முன்னாடியே சொல்லக்கூடாதா? என்ன சொல்றார் பாஷ்முஹன்திஸ்?"

"பதினாலு வரியை எடுக்கச் சொல்றார்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் ஹாஸிம்.

பதினாலு வரியும் போயிற்று. மோட்டார் சைக்கிள்கள் கலைந்தன. பாங்கு ஒலிக்கும்போது பேட்டை முழுதும் சுடச்சுடச் சாப்பாடு இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மித்ஹத் கேட்டார், "அவர் பேரு என்ன?"

ரபாப் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மஹ்கூப்."

அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு 'கண்ணில் படாமல் மறைந்திருப்பவர்' என்று பொருள். நாற்பது பேருக்கும் அது தாய்மொழி. ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

அன்றிலிருந்து மஹ்கூபின் புகழ் ஓங்கியது. "மஹ்கூப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து, நான்கே நாளில் மஹ்கூபுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி வந்தது, அலுவலகக் குழு அரட்டையில் இடம் வந்தது. அவர் கூச்ச சுபாவி, வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், கேமராவைப் போடமாட்டார் என்று ரபாப் சொன்னாள். மேதைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ரபாப் ஒருமுறை காய்ச்சலில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டபோது, 'குழு மனப்பான்மை கெடும்' என்று மறுத்தவர்கள்தான் அவர்கள்.

ஆண்களுக்கே உரிய நட்பும் தானாக வளர்ந்தது. "மஹ்கூபா? காலேஜ்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்" என்றான் ஹாஸிம். "கல்யாண போட்டோ பார்த்திருக்கேன், கம்பீரமான ஆளு" என்றார் லபீப். டீ போடும் ஸெய்ன்ஹும் இவர்களையெல்லாம் மிஞ்சிவிட்டார். "ஒருநாள் மதாமைக் கூட்டிட்டுப் போக கீழே வந்திருந்தார். நல்ல உயரம். டீக்கு மூணு சர்க்கரை போடுவார்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரபாப் ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருந்தாள். ஆர்டர்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் தெருவாரியாகச் சேர்த்து அனுப்பலாம் என்று எட்டுப் பக்கம். 'குழப்பமாக இருக்கிறது' என்று திருப்பிவிட்டார்கள். அந்த எட்டுப் பக்கத்தை அவள் இப்போது மஹ்கூபின் முகவரியிலிருந்து அப்படியே அனுப்பினாள். ஒரே ஒரு மாற்றம்தான். அவர்கள் மொழியில் 'எனக்கு நிச்சயம்' என்று ஒரு பெண் எழுதினால் சொல்லின் கடைசியில் இரண்டு புள்ளி வைத்த ஒரு குட்டி எழுத்து கூடுதலாக வரும். அந்தக் குட்டி எழுத்தை மட்டும் நீக்கினாள்.

"எவ்வளவு தெளிவு பாருங்க" என்று மித்ஹத் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். "மதாம், இவரோட ஒரே வீட்டுல இருக்கீங்க, கொஞ்சமாவது இவர்கிட்டேருந்து கத்துக்கக்கூடாதா?"

ரபாபுக்கு முதன்முறையாகத் தன் கணவன்மேல் பொறாமை வந்தது. வீட்டில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். அம்மாவோ வேறு உலகத்தில் இருந்தாள்.

"என்ன இருந்தாலும் நல்ல பையன்டி. சிகரெட் இல்ல, ஊர் சுத்தறதில்ல. வீட்டைவிட்டு வெளிய போறதே கிடையாது."

"அம்மா, அப்படி ஒரு ஆளே கிடையாது."

"உங்க அப்பாவும் வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரிதான் இருந்தார். நாங்க குடித்தனம் பண்ணலையா?"

பெருநாள் முடிந்து அலுவலகம் திறந்தபோது, மிச்சமிருந்த சர்க்கரை தூவிய பிஸ்கட்டுகளோடு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். முதலீட்டாளர்களின் பிரதிநிதி ஒருவரும் வந்திருந்தார். மித்ஹத் மேடையேறினார்.

"குடும்பத்தாரே, ஸைமந்தவுக்குப் புதிய தலைமைப் பொறியாளர் கிடைச்சுட்டார். நேர்காணலே தேவைப்படல. பாஷ்முஹன்திஸ் மஹ்கூப்."

நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தற்காலிகப் பொறுப்பு பறிபோன ஹாஸிம்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினான். அப்பேர்ப்பட்டவரிடம் தோற்பதும் ஒரு பெருமைதானே.

"பெண்களையும் நாங்க மறக்கல" என்று பிரதிநிதியைப் பார்த்துத் தொடர்ந்தார் மித்ஹத். "மகளிர் மேம்பாட்டுக் குழுவோட இந்த வருஷ விருது, 'சிறந்த துணைவி'. மதாம் ரபாப், மேடைக்கு வாங்க."

பித்தளைத் தட்டு கனமாக இருந்தது. அதில் அவள் பெயருக்கு முன்னால் அழகான ஒரு மீம். ரபாப் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். இத்தனை நாளும் இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தாள். இப்போது சொன்னால் எல்லார் முகத்துக்கும் எதிரே, பிரதிநிதியின் முன்னால், அந்த நாற்காலி யாருடையது என்று தெரிந்துவிடும்.

"மஹ்கூப் இல்ல" என்றாள்.

கைதட்டல் நின்றது.

"இல்லன்னா?" என்றார் மித்ஹத்.

"இல்லவே இல்ல."

பின்வரிசையில் டீத்தட்டோடு நின்ற ஸெய்ன்ஹும்தான் முதலில் புரிந்துகொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இறைவனிடமிருந்தே வந்தோம், அவனிடமே திரும்புவோம்" என்று கண்ணைத் துடைத்தார். நாற்பது பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"எப்ப நடந்தது?" என்று கேட்டார் லபீப்.

"எதுவும் நடக்கல. நான் சொல்றது, அப்படி ஒருத்தர் கிடையாது."

"உண்மை" என்றார் மித்ஹத். "அப்படி ஒருத்தர் இனிமே கிடைக்கமாட்டார்."

"கேளுங்க. எழுதினதெல்லாம் நான். ஒவ்வொரு வரியும். பதினாலு வரியை எடுக்கச் சொன்னது நான். சுவர்ல மாட்டியிருக்கீங்களே, அந்த எட்டுப் பக்கம், அதுவும் நான்."

"அவர் சொல்லச் சொல்ல இவங்க எழுதியிருக்காங்க" என்று மித்ஹத் பிரதிநிதிக்கு விளக்கினார். "கடைசி மூச்சுவரைக்கும்."

"எனக்குக் கல்யாணமே ஆகல."

"அதிர்ச்சி" என்றார் லபீப் தாழ்ந்த குரலில். "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு. பாவம், தண்ணி கொடுங்க." சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். 'கணவரை இழந்தவர்.' "பாருங்க மதாம், கதவு திறந்துடுச்சு."

அதன்பிறகு நடந்தவையெல்லாம் நிறுவன வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை. ஒரு நிமிட மௌனம் இரண்டு நிமிடமாக நீண்டது. ஸெய்ன்ஹும் சாவு வீட்டுக் கணக்கில் சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்தார். "காலேஜ்ல ஒரே பெஞ்சுல உட்கார்ந்தோம்" என்று ஹாஸிம் விம்மினான். இரண்டு வருடம் சீனியர் எப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார் என்று துக்கத்தில் யாரும் கேட்கவில்லை. மறைந்த மேதையின் நினைவாகத் தலைமைப் பொறியாளர் நாற்காலியில் ஒரு கறுப்பு ரிப்பன் கட்டி, ஒரு வருடம் காலியாக வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ஹாஸிம் மீண்டும் தற்காலிகப் பொறுப்பு. ரபாபுக்கு மூன்று நாள் துக்க விடுப்பு.

ரபாப் மேடையில் பித்தளைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வரிசையாக வந்து எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். ஏழு வருடத்தில் நாற்பது பேரும் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் மதியம் அவளும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ரபாப் காலையிலேயே விலகல் கடிதம் அனுப்பிவிட்டாள். அவளுடைய சொந்த முகவரியிலிருந்து போனதால் அதை இன்னும் யாரும் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு மித்ஹத்தின் போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ரபாப் சத்தமாகக் கேட்கும்படி வைத்து மேசையில் நிறுத்தினாள்.

"மதாம், துக்கத்துல தொந்தரவு பண்றேன். அந்தப் பல் டாக்டர் மறுபடியும் போன் பண்ணிட்டார். இந்தத் தடவை நானூறு வண்டி. ஹாஸிம் நேத்து என்னவோ சேர்த்திருக்கான். என்னன்னு யாருக்கும் புரியல."

"ம்."

"மறைந்தவர் ஏதாவது விட்டுட்டுப் போயிருக்காரான்னு கேக்கத்தான்."

ரபாப் ஒரு இலையை விரித்தாள். "ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கார்."

"அல்ஹம்துலில்லாஹ். இருங்க, பேனா எடுத்துக்கறேன். சொல்லுங்க, என்னது?"

"என்னை."

மறுமுனையில் பேனா மூடப்படும் சத்தம் கேட்டது.

"அது சரி மதாம்" என்றார் மித்ஹத், மிகுந்த மரியாதையோடு. "நான் கேக்கறது, உபயோகப்படற மாதிரி ஏதாவது."

அம்மாவின் கை அரிசிக் கிண்ணத்திலேயே நின்றது. அவள் மகளைப் பார்த்தாள். மித்ஹத் தொடர்ந்தார். "வண்டியெல்லாம் நிக்குது, நான் இங்க ஒண்ணும் புரியாம சோபாவுல உட்கார்ந்திருக்கேன். என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

ரபாப் இலையைச் சுருட்டி முடித்துப் பாத்திரத்தில் அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸைமந்த, பாஷ்முஹன்திஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். "இருந்தபடியே இருங்க."